கனடாவில் பல்கலைக்கழகம் போக: வெளிமாகாணம், வெளிநாடு, இடைமாற்றம் மூன்றுக்கும் ஒரு வழிகாட்டி

"பிள்ளை யாழ்ப்பாணத்தில் உயர்தரம் முடித்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார், பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) இருக்கிறது. இவர் சர்வதேச மாணவரா, உள்ளூர் மாணவரா?" ரொறன்ரோவில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். கேட்கும் ஐந்து பேரிடம் ஐந்து விடை கிடைக்கும். காரணம், இரண்டு வெவ்வேறு விஷயங்களை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

விண்ணப்பம் எந்த வழியாகப் போக வேண்டும், எந்தப் பாடங்களைக் கேட்பார்கள் என்பதெல்லாம் நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டணம் எவ்வளவு, அரசு உதவி உண்டா என்பது உங்கள் குடிவரவு நிலையையும் எந்த மாகாணத்தில் வசிக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் சம்பந்தமே இல்லை. மேலே சொன்ன பிள்ளை விண்ணப்பிக்கும்போது வெளிநாட்டுச் சான்றிதழோடு வருபவர். கட்டணம் கட்டும்போது உள்ளூர் மாணவர். மறுபக்கம், பதினோராம் வகுப்பிலேயே ஸ்டடி பெர்மிட்டில், அதாவது படிப்புக்கான அனுமதியில், வந்து ஸ்காபரோ உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவர் மற்ற ஒன்ராறியோ பிள்ளைகளோடு ஒரே வரிசையில் விண்ணப்பிப்பார்; கட்டணம் மட்டும் சர்வதேச மாணவருக்குரியது. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதியெல்லாம் பத்திரங்களைச் சேர்க்கும் வேலைதான்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஒன்ராறியோவைப் பற்றியது. தேவையான இடங்களில் மற்ற மாகாணங்களையும் தொட்டுப் போகிறேன்.

விண்ணப்பம் எங்கே போகிறது

ஒன்ராறியோவின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக ஓயுஏசி என்ற விண்ணப்ப நிலையம் குவெல்ஃப் நகரில் இயங்குகிறது. இளங்கலை விண்ணப்பம் இங்கே இரண்டு வகை. நெடுங்காலம் 101, 105 என்ற எண்களால் அழைத்தார்கள். இப்போது குழு ஏ, குழு பி என்கிறார்கள். பழைய ஆட்கள் இன்னும் எண்ணைத்தான் சொல்வார்கள், பயப்பட வேண்டாம்.

குழு ஏ, இப்போது ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளியில் பகல் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும், இதுவரை கல்லூரியோ பல்கலைக்கழகமோ போகாத மாணவர்களுக்கு. பள்ளியே மதிப்பெண்களை நிலையத்துக்கு அனுப்பிவிடும். மற்ற எல்லோரும் குழு பி: அல்பேர்ட்டாவில் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவர், கொழும்பில் உயர்தரம் எழுதியவர், மதுரையில் பிளஸ் டூ முடித்தவர், செனெக்கா கல்லூரியில் ஒரு வருடம் படித்தவர், முப்பது வயதில் திரும்பப் படிக்க வருபவர். இந்தக் குழுவில் பத்திரங்களைத் தேடி எடுத்து அனுப்பும் பாரம் உங்கள் தலையில்.

அடிப்படைக் கட்டணத்தில் மூன்று தெரிவுகள் அடங்கும் (ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு துறை ஒரு தெரிவு). அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம். ஒரே பல்கலைக்கழகத்துக்கு மூன்று தெரிவுகளுக்கு மேல் போட முடியாது. விண்ணப்பம் போனதும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சொந்த இணையவாசலுக்கு ஒரு கடவுச்சொல்லை மின்னஞ்சலில் அனுப்பும். பலர் சறுக்குவது இங்கேதான். ஓயுஏசியில் பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையான பட்டியல், அதாவது எந்தப் பத்திரம் வந்து சேர்ந்தது, எது குறைகிறது, மேலதிகக் கேள்விக்கொத்து எதை நிரப்ப வேண்டும் என்பதெல்லாம், அந்த இணையவாசலில்தான் இருக்கும். கடிதம் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுவதும் வழக்கம். வாட்டர்லூ பொறியியல் போன்ற துறைகளில் தனித் தகவல் படிவம் நிரப்பாவிட்டால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

கடைசி நாட்களைப் பொறுத்தவரை, ஒன்ராறியோப் பள்ளி மாணவர்களுக்கு ஜனவரி நடுப்பகுதி முக்கியம். அதற்குள் வந்த விண்ணப்பங்களைச் சமமாகப் பார்ப்பார்கள். குழு பியில் துறைக்குத் துறை நாள் மாறும். போட்டி கூடிய துறை என்றால் நீங்களும் ஜனவரி நடுப்பகுதியையே உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற மாகாணங்களில், பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு எஜுகேஷன் பிளானர் பிசி, அல்பேர்ட்டாவுக்கு அப்ளை அல்பேர்ட்டா என்ற பொது வாசல்கள் உண்டு. கியூபெக் மாகாணத்தின் மொன்றியலில் உள்ள மக்கில், கொன்கோர்டியா பல்கலைக்கழகங்கள் இரண்டுக்கும் அவரவர் தளத்தில் நேரே விண்ணப்பிக்க வேண்டும்.

வேறு மாகாணத்தில் படித்தவர்கள்

இது மூன்றிலும் சுலபமான வகை. ஆனாலும் பாடப் பெயர்கள் மாகாணத்துக்கு மாகாணம் மாறுவதால் ஓரிரண்டு இடத்தில் கால் இடறும்.

ஒன்ராறியோவில் பன்னிரண்டாம் வகுப்பின் பல்கலைக்கழகத் தரப் பாடங்கள் ஆறின் சராசரியைப் பார்ப்பார்கள், ஆங்கிலம் கட்டாயம். அல்பேர்ட்டாவில் 30 என்று முடியும் பாடங்கள் அதே நிலை: ஆங்கிலம் 30-1, கணிதம் 30-1, வேதியியல் 30 என்று. ஒன்ராறியோவில் பொறியியலுக்கும் சில வணிகத் துறைகளுக்கும் நுண்கணிதம் கேட்கிறார்கள். அல்பேர்ட்டாவில் அது கணிதம் 31; எல்லாப் பள்ளிகளிலும் அது கிடைக்காது. பதினோராம் வகுப்பிலேயே விசாரித்து, இல்லையென்றால் இணையவழியில் எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் முன்நுண்கணிதம் 12, நுண்கணிதம் 12 என்று இரண்டும் வேறு வேறு பாடங்கள். முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு இரண்டையும் எடுத்ததாக நினைப்பவர்களும் உண்டு.

அல்பேர்ட்டாவில் மாகாண டிப்ளோமா பரீட்சைக்கு இறுதி மதிப்பெண்ணில் 30 சதவீதம். ஜூன் பரீட்சையின் பெறுபேறு கோடையில்தான் வரும். பள்ளி மதிப்பெண்ணை வைத்து வந்த நிபந்தனை ஓஃபர் (அனுமதி) அதற்குப் பிறகே உறுதியாகும். ஆகவே பள்ளியில் 88 வாங்கிவிட்டோம் என்று பரீட்சையைக் கைவிட வேண்டாம்.

கியூபெக் தனி உலகம். அங்கே உயர்நிலைப் பள்ளி பதினோராம் வகுப்போடு முடிகிறது. அதன் பிறகு இரண்டு வருடம் சீஜெப் என்ற இடைநிலைக் கல்லூரி. ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்துக்கு வர, பதினொன்று போதாது. சீஜெப்பில் குறைந்தது ஒரு வருடமாவது முடித்திருக்க வேண்டும், அல்லது பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான ஒன்று. இரண்டு வருடமும் முடித்தவருக்கு இங்கே சில கிரெடிட்கள் (ஏற்கனவே முடித்த பாடங்களாகக் கணக்கில் சேர்பவை) கிடைக்கும். தலைகீழாக, ஒன்ராறியோவிலிருந்து மக்கில் போனால், அங்கத்தைய மாணவர் மூன்று வருடத்தில் முடிக்கும் பட்டத்துக்கு உங்களுக்கு நான்கு வருடம். முதல் வருடம் அடித்தள வருடம். இதைக் கணக்கில் எடுக்காமல் "மூன்று வருடப் படிப்பு, செலவு குறைவு" என்று கணக்குப் போடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிமாகாண மாணவர் ஒன்ராறியோவில் கட்டுவது ஒன்ராறியோவாசியை விடச் சற்றுக் கூடுதல், பெரிய வித்தியாசமில்லை. கியூபெக்கில் 2024 இலையுதிர் காலத்திலிருந்து மக்கில், கொன்கோர்டியாவில் புதிதாகச் சேரும் வெளிமாகாணக் கனேடியர்களுக்குச் சுமார் 9,000 டொலராக இருந்த கட்டணத்தை 12,000 டொலர் அளவுக்கு உயர்த்தினார்கள். பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு, 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லாது என்றது. நீங்கள் சேரும் வருடத்துத் தொகையைப் பல்கலைக்கழகக் கட்டணப் பக்கத்தில் பாருங்கள். செய்தித் தலைப்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கடன், உதவித்தொகை விஷயத்தில் ஒரு விதி: அரசு உதவி நீங்கள் வசிக்கும் மாகாணத்திலிருந்து வரும், படிக்கும் மாகாணத்திலிருந்து அல்ல. கல்கரியில் குடும்பம் இருக்க ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் படிக்க வரும் பிள்ளை அல்பேர்ட்டா மாணவர் உதவிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஒன்ராறியோவின் மாணவர் உதவித் திட்டமான ஓசாப்புக்கு அல்ல. படிப்பதற்காக மட்டும் ஒன்ராறியோவில் ஒரு வருடம் இருந்துவிட்டால் ஒன்ராறியோவாசி ஆகிவிட மாட்டார்.

இலங்கையிலும் இந்தியாவிலும் படித்தவர்கள்

இலங்கை உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி அடிப்படை. கூடவே சாதாரண தரப் பெறுபேற்றையும் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து வருபவர்களிடம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய வகுப்புகளின் மதிப்பெண் பட்டியல்கள். சில பல்கலைக்கழகங்கள் சிபிஎஸ்இ, ஐஎஸ்சி என்ற அகில இந்திய வாரியச் சான்றிதழ்கள் இரண்டையும் நேரே ஏற்றுக்கொண்டு, மாநில வாரியச் சான்றிதழை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யும். தமிழ்நாடு மாநில வாரியத்தில் படித்தவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் "இந்தியா" பக்கத்தை வாசித்துவிடுவது புத்திசாலித்தனம்.

உயர்தரத்தில் 75க்கு மேல் என்றால் ஏ, 65க்கு மேல் பி, 55க்கு மேல் சி, 35க்கு மேல் எஸ். சான்றிதழில் இருப்பது எழுத்து மட்டும். படிவத்தில் சதவீதம் கேட்கிறது என்று நீங்களாக 75 என்றோ 95 என்றோ போடாதீர்கள். சான்றிதழில் உள்ள எழுத்தையே போடுங்கள். மாற்றிப் பார்ப்பது அவர்கள் வேலை. ஊரில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானித்து உயிரை வாங்கும் இசட் புள்ளியை இங்கே யாரும் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. அதனால் ஊரில் மருத்துவ பீடம் ஓரிரு தசமத்தில் கைநழுவியவருக்கும் இங்கே நல்ல விஞ்ஞானத் துறைகள் திறந்தே இருக்கும்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு பொறி உண்டு. உயர்தர உயிரியல் பிரிவில் வழக்கமாக உயிரியல், இரசாயனம், பௌதிகம்தான். இணைந்த கணிதம் கிடையாது. தமிழ்நாட்டில் கணிதம் இல்லாத உயிரியல் குரூப் எடுத்தவருக்கும் இதே நிலைதான். கனடாவிலோ உயிர் விஞ்ஞானத் துறைகள் பலவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் தேவை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் உயிர் விஞ்ஞானம் நுண்கணிதமே கேட்கிறது. இரசாயனத்தில் ஏ, உயிரியலில் ஏ வைத்திருக்கும் பிள்ளைக்கு "தேவையான பாடம் இல்லை" என்று கடிதம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வழி இருக்கிறது. ஏற்கனவே கனடாவில் இருந்தால் ஒன்ராறியோப் பன்னிரண்டாம் வகுப்பின் உயர்நிலைச் சார்புகள், நுண்கணிதம் ஆகிய இரண்டு பாடங்களை மட்டும் வயதுவந்தோர் பள்ளியிலோ, ஒன்ராறியோவின் கல்வி ஒளிபரப்பு நிறுவனமான டிவிஓவின் சுயகற்றல் நிலையமான ஐஎல்சி வழியாகவோ எடுக்கலாம். அதற்கு நான்கைந்து மாதம் ஒதுக்குங்கள். ஊரிலேயே இருந்தால், கணிதம் கேட்காத துறைக்கு விண்ணப்பித்து உள்ளே வந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சில முகவர்கள் சொல்வார்கள். உள்ளே வந்தபின் துறை மாறவும் அதே கணிதம் கேட்பார்கள் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

கால அட்டவணையும் ஒத்துப் போகாது. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதத்தில் வந்துவிடும், செப்டெம்பருக்குப் போதும். அதுவரை அரையாண்டு மதிப்பெண்ணும் பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணும் போதும். இலங்கையில் பெறுபேறு எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2024 உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. 2025 நவம்பரில் தொடங்கிய பரீட்சை டித்வா புயலால் இடைநின்று, எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. அதனால் பெறுபேறு கையில் வந்த பிறகே விண்ணப்பிப்பது, அல்லது பாடசாலையிடமிருந்து எதிர்பார்ப்புப் பெறுபேற்றுக் கடிதம் வாங்கி நிபந்தனை ஓஃபர் பெறுவது என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அவசரமில்லாதவர்கள் முதலாவதைச் செய்வதே நிம்மதி.

பதினாறு, பதினேழு வயதில் குடும்பத்தோடு வந்தவர்கள் "உயர்தரம் முடிக்காமல் வந்துவிட்டோமே" என்று கவலைப்படத் தேவையில்லை. இங்கே பள்ளியில் சேர்ந்து ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா எடுப்பதே நேர்வழி. 30 கிரெடிட் தேவை என்றாலும் ஊரில் படித்த வருடங்களுக்குச் சமமான கிரெடிட்களைப் பள்ளி தரும். 40 மணி நேரச் சமூகசேவையும் எழுத்தறிவுத் தேவையும் இருக்கும். சனிக்கிழமைகளில் கல்விச்சபைகள் நடத்தும் தமிழ் கிரெடிட் வகுப்பின் பன்னிரண்டாம் வகுப்பு நிலை, பல்கலைக்கழகத் தரப் பாடமாக ஆறில் ஒன்றாகச் சேரக்கூடியது. சேரப்போகும் துறை அதைக் கணக்கில் எடுக்குமா என்று வழிகாட்டல் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்

சின்ன விஷயம்போலத் தெரியும் இதுதான் தமிழர்களுக்கு அதிகத் தலைவலி. பாடசாலைச் சான்றிதழில் "க. சிவகுமார்", உயர்தரச் சான்றிதழில் அப்பா பெயர் முன்னால் முழுதாக, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சைச் சான்றிதழில் வேறொரு வரிசை. நான்கும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் கடவுச்சீட்டே அளவுகோல். ஓயுஏசியிலும் ஐயெல்ட்ஸ் பதிவிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். கனேடியக் குடிவரவுத் துறையின் விதிப்படி, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால் உள்ள பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, முதற்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். அதையே பல்கலைக்கழகத்துக்கும் செய்தால் பின்னால் இரண்டும் பொருந்தும். பழைய சான்றிதழ்களில் பெயர் மாறியிருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி எடுத்து ஒவ்வொரு இடத்திலும் இணைத்துவிடுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். மாமா மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டது செல்லாது.

ஆங்கிலம்

ரொறன்ரோ, யுபிசி (பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் ஐயெல்ட்ஸ் அகடமிக் மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையாமல். மொத்தம் 7 எடுத்துவிட்டு எழுத்துப் பகுதியில் 5.5 வாங்கினால் அது தோல்விதான். பொதுப் பயிற்சி வகை ஐயெல்ட்ஸ் பிஆருக்கானது. பல்கலைக்கழகத்துக்கு அது உதவாது. பெறுபேறு இரண்டு வருடமே செல்லும்.

பிஆர் வைத்திருப்பவருக்கு ஐயெல்ட்ஸ் தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆங்கில விலக்கும் நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது, குடிவரவு நிலையை அல்ல. பல பல்கலைக்கழகங்கள் ஆங்கில வழியில் கனடாவில் நான்கு வருடம் படித்திருந்தால்தான் விலக்குத் தரும். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்து ஸ்காபரோவில் பதினொன்று, பன்னிரண்டு படித்த பிள்ளை ஆங்கிலத்தில் 85 வாங்கியிருந்தாலும் ஐயெல்ட்ஸ் கேட்கப்படலாம். பெரும்பாலோருக்கு இது மார்ச் மாதத்தில்தான் தெரியவரும்; அப்போது பரீட்சை நாள் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். இலையுதிர் காலத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இடைமாற்றம்

ஏற்கனவே ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தவர், ஒரே ஒரு பருவம் படித்து விட்டிருந்தாலும், இடைமாற்ற மாணவர்தான். ஊரில் யாழ் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படித்து வந்தவரும், சென்னையில் பொறியியலை இடையில் விட்டவரும் இதில் அடக்கம். அந்தப் பருவத்தில் மதிப்பெண் மோசம் என்று மறைத்துவிட்டு உயர்தரத்தை மட்டும் காட்ட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். படிவத்திலேயே "இதுவரை படித்த எல்லா நிறுவனங்களையும் குறிப்பிட்டிருக்கிறேன்" என்று உறுதி கொடுக்கிறீர்கள். பின்னால் தெரியவந்தால் அனுமதியை ரத்து செய்வார்கள், பட்டம் முடியும் தறுவாயில் இருந்தாலும்.

பல்கலைக்கழகம் பார்ப்பது இரண்டு. முதலாவது, உள்ளே வர உங்கள் சராசரி போதுமா. இரண்டாவது, ஏற்கனவே படித்ததில் எவ்வளவு கிரெடிட் தரலாம். இவை தனித்தனி முடிவுகள். ஓஃபர் வந்தவுடன் கிரெடிட் கணக்கும் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்; அது பின்னால், சில வேளை கோடையில் வரும். கிரெடிட் மட்டும்தான் வரும், மதிப்பெண் வராது. பழைய இடத்தில் வாங்கிய ஏ பிளஸ் புதிய சராசரியில் சேராது. பழைய டி-யும் சேராது. சிலருக்கு இது வரப்பிரசாதம். எவ்வளவு கிரெடிட் கிடைத்தாலும் பட்டத்தின் பெரும்பகுதியை, பொதுவாகப் பாதியையாவது, பட்டம் தரும் இடத்தில் படித்திருக்க வேண்டும்.

கிரெடிட் கிடைப்பதும் போவதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. "கணிதம் 1" என்று ட்ரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) இருந்தால் மட்டும் போதாது. என்ன தலைப்புகள், எத்தனை மணி நேரம், எந்தப் பாடநூல், மதிப்பீடு எப்படி என்று விவரம் உள்ள ஆவணம் வேண்டும். அதுவும் நீங்கள் படித்த வருடத்துக்குரியது. கொக்குவிலிலோ கோவையிலோ இருக்கும்போதே துறை அலுவலகத்தில் அதை வாங்கி முத்திரை குத்தி எடுத்துவிடுங்கள். இங்கிருந்து தொலைபேசியில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. ட்ரான்ஸ்கிரிப்டை மூடிய உறையில் நிறுவனமே அனுப்ப வேண்டும் என்பார்கள். கையில் வாங்கி நீங்கள் பிரித்துப் பார்த்தால் அது உத்தியோகபூர்வமானது அல்ல. ஒன்றுக்கு மூன்று உறை எடுத்து வையுங்கள்.

குடிவரவுக்காக, வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் டபிள்யுஈஎஸ் நிறுவனத்தின் மதிப்பீடு எடுத்திருப்பவர்கள் அதையே கொடுக்கலாமா என்று கேட்பார்கள். இளங்கலைக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தாங்களே மதிப்பிடும். கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கனடாவுக்குள்ளேயே மாறுபவர்களுக்கு வேலை குறைவு. ஒன்ராறியோவுக்குள் ஓஎன்ட்ரான்ஸ்ஃபர் தளத்திலும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிசி ட்ரான்ஸ்ஃபர் கைடிலும் எந்தப் பாடத்துக்கு எங்கே என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தேடிப் பார்க்கலாம். கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் போக ஏற்கனவே ஒப்பந்தப் பாதைகள் உண்டு. செனெக்காவிலிருந்து யோர்க் போவது ஒன்று. ஒப்பந்தம் இருக்கும் டிப்ளோமாவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு வீணாகாது. ஒப்பந்தம் இல்லாத டிப்ளோமாவில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டால் ஓரிரு பாடம் கிடைப்பதே பெரிய விஷயம். மதிப்பெண் அளவைகளும் வேறுபடும்: மக்மாஸ்டரில் 12 புள்ளி அளவை, யோர்க் 2023இல்தான் 9 புள்ளியை விட்டு 4 புள்ளிக்கு வந்தது. உயர்தர எழுத்துக்குச் சொன்னதே இதற்கும்: நீங்களாக மாற்றிக் கணக்குப் போட வேண்டாம்.

இருபத்தொரு வயதைத் தாண்டி, பள்ளியை விட்டுச் சில வருடங்கள் ஆகி, பல்கலைக்கழகப் படிப்பு எதுவும் இல்லாதவர்களுக்கு முதிர்ந்த மாணவர் என்ற பிரிவு இருக்கிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் பாலப் படிப்பு போன்றவற்றில் ஒரு பாடம் படித்து நல்ல மதிப்பெண் எடுத்தால் அதுவே நுழைவுச் சீட்டு. போரால் படிப்பு அறுந்துபோனவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். இந்த வழி அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

ஸ்டடி பெர்மிட்டில் வருபவர்கள்

2024 ஜனவரி முதல் விதிகள் அடிக்கடி மாறின. இளங்கலைக்கு வருபவருக்குப் பல்கலைக்கழகக் கடிதம் மட்டும் போதாது. மாகாண உறுதிக் கடிதமும் வேண்டும். அதை நீங்கள் நேரே கேட்க முடியாது. ஓஃபரை ஏற்று முற்பணம் கட்டிய பிறகு பல்கலைக்கழகம் மாகாணத்திடமிருந்து பெற்றுத் தரும். கியூபெக்கில் அதன் இடத்தில் சிஏக்யூ என்ற மாகாணச் சான்றிதழ். முன்பு இந்தியர்கள் விரைவாகப் பெற்ற எஸ்டிஎஸ் வழி 2024 நவம்பர் 8இல் மூடப்பட்டுவிட்டது.

கையில் காட்ட வேண்டிய பணம்: முதல் வருடக் கட்டணமும் பயணச் செலவும் போக, தனி ஆளுக்கு வாழ்க்கைச் செலவாக 22,895 டொலர். இது 2025 செப்டெம்பர் 1 முதலான தொகை, கியூபெக் நீங்கலாக. விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் வங்கிக் கணக்கில் திடீரென்று விழுந்த தொகையை அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். யார் கொடுத்தார், அவருக்கு எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் இருக்க வேண்டும். படிக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் கட்டணம் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

2023இல் போலி அனுமதிக் கடிதங்களோடு வந்த இந்திய மாணவர்கள் பிரச்சினை வெடித்த பிறகு, ஒவ்வொரு கடிதத்தையும் குடிவரவுத் துறை பல்கலைக்கழகத்திடமே சரிபார்க்கிறது. முகவர் மூலம் போனாலும் விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். முகவரின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, வந்த ஓஃபரைப் பார்க்காமலே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே வந்த பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறுவதும் முன்போலச் சுலபமில்லை. 2024 நவம்பர் முதல் நிறுவனம் மாறினால் புதிய ஸ்டடி பெர்மிட் எடுக்க வேண்டும். "முதலில் ஏதாவது ஒரு கல்லூரியில் சேர், பிறகு மாறிக்கொள்ளலாம்" என்ற பழைய ஆலோசனை இன்று ஆபத்தானது.

கட்டணத்தில் எந்தப் பக்கம்

வித்தியாசம் எவ்வளவு என்று தெரிய ஓர் உதாரணம். ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கலை, விஞ்ஞான பீடத்தில் ஒன்ராறியோவாசிக்கு வருடம் 6,000 டொலரைச் சற்றுத் தாண்டும். சர்வதேச மாணவருக்கு 60,000 டொலருக்கு மேல். ஆகவே நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்யுங்கள். குடியுரிமை, பிஆர், அகதியாக ஏற்கப்பட்டவர் என்றால் உள்ளூர்க் கட்டணம், ஓசாப்புக்கும் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் ஒன்ராறியோவில் வேலை அனுமதியில் இருந்தால், சில நிபந்தனைகளோடு பிள்ளைக்கும் சர்வதேசக் கட்டணத்திலிருந்து விலக்குக் கிடைக்கக்கூடும். இதைத் தெரியாமல் முழுத் தொகை கட்டியவர்கள் உண்டு. அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்களிடம் பொதுவாகச் சர்வதேசக் கட்டணமே கேட்பார்கள். ஆனால் யோர்க்கில் உறுதியற்ற குடிவரவு நிலையில் உள்ளவர்களுக்கென்றே தனித் திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்தால் உள்ளூர்க் கட்டணம்தான். படிப்பின் நடுவில் கோரிக்கை ஏற்கப்பட்டால் அந்தக் கடிதத்தை அந்தப் பருவத்துக்கு அதற்கெனக் குறித்த கடைசி நாளுக்குள் பதிவாளர் அலுவலகத்தில் காட்ட வேண்டும். தாமதமானால் அடுத்த பருவத்திலிருந்துதான் குறையும்.

மருத்துவம் பற்றியும் ஒரு வார்த்தை, கேட்காமல் விடமாட்டீர்கள். இங்கே மருத்துவக் கல்லூரி, இளங்கலையில் சில வருடமாவது படித்த பிறகுதான். ஒன்ராறியோ அரசு 2024இல் அறிவித்தபடி, 2026 இலையுதிர் காலம் முதல் இடங்களில் 95 சதவீதம் ஒன்ராறியோவாசிகளுக்கு, மீதி மற்ற மாகாணக் கனேடியர்களுக்கு. சர்வதேச மாணவர்களுக்கு இடமில்லை. டாக்டராக வேண்டும் என்ற ஆசையோடு ஸ்டடி பெர்மிட்டில் உயிர் விஞ்ஞானம் படிக்க வருபவர் இதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

ஓஃபர் வந்த பிறகு

கடிதத்தில் முதல் பக்கத்தை விட நிபந்தனைப் பகுதி முக்கியம். இறுதிச் சராசரி எவ்வளவு, எந்தப் பாடத்தில் எவ்வளவு, இறுதிச் சான்றிதழ் எந்த நாளுக்குள் என்று அங்கே இருக்கும். ஓயுஏசி வழியாக ஒரு நேரத்தில் ஒரு ஓஃபரைத்தான் ஏற்க முடியும். கடைசி நாள் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் வரும். விடுதி வேண்டுமென்றால் அதற்குத் தனி விண்ணப்பம், தனி முற்பணம், தனிக் கடைசி நாள்.

ஸ்டடி பெர்மிட் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வராவிட்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எவ்வளவு தாமதமாக வந்து சேரலாம் என்று துறையிடம் எழுதிக் கேளுங்கள். முடியாதென்றால் ஜனவரிக்கோ அடுத்த வருடத்துக்கோ ஒத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். எல்லாத் துறைகளும் ஒத்திவைப்பதில்லை. ஒத்திவைத்தால் புதிய அனுமதிக் கடிதம் வரும்; பழைய மாகாண உறுதிக் கடிதத்தில் காலாவதி நாள் இருப்பதால் பெரும்பாலும் அதையும் புதிதாகக் கேட்க வேண்டும். கட்டிய முற்பணம் அடுத்த பருவத்துக்குச் செல்லுமா, திருப்பித் தருவார்களா என்பதை அதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.